பீச் மூக்கு

பீச் மரம் அறுக்கிற கொட்டகையில் வேலை செய்கிறவனுக்கு மூக்கு ஒழுகும். அதை ஒரு நோய் என்று நெச்செல்ஸ் பேட்டையில் யாரும் நினைத்ததில்லை. சுரங்கத்துக்குப் போகிறவன் கறுப்பாக வருகிறான், மாவு மில்லுக்குப் போகிறவன் வெள்ளையாக வருகிறான், டட்ஃபீல்ட் கம்பெனியின் பீச் கொட்டகைக்குப் போகிறவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருகிறான், அவ்வளவுதான். அதற்குப் பெயரே பீச் மூக்கு. புதிதாகச் சேர்ந்தவனுக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டால் மற்றவர்கள் முதுகில் தட்டி, இப்போதுதான் நீ எங்கள் ஆள் என்பார்கள். அதில் ஒரு பெருமை வேறு.

கம்பெனி ஏர் ரைபிள், அதாவது காற்றுத் துப்பாக்கி, செய்தது. குழாயும் ஸ்பிரிங்கும் தெருவுக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்தில், தோளில் வைக்கிற மரக்கட்டை இந்தப் பக்கத்தில். உலகச் சண்டைக்கு முன்னால் எல்லாக் கட்டையும் வால்நட் மரம்தான். வால்நட் தூளில் எண்ணெய்ப் பசை உண்டு, காலடியில் விழுந்து அங்கேயே கிடக்கும், பெருக்கித் தள்ளினால் போய்விடும். சண்டை முடிந்த பிறகு வால்நட் கிடைப்பது அரிதாகி பீச் வந்தது. வெளுத்த, வறண்ட மரம். அதன் தூள் கீழே விழாது. விளக்கைச் சுற்றி நிற்கும், தேநீர்க் குவளையில் படியும், புருவத்தில் உட்காரும், வீட்டுத் தலையணை வரைக்கும் கூடவே வரும். கட்டைக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி வால்நட் மாதிரி ஆக்கி அனுப்பினார்கள். வாங்குகிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கொட்டகைக்குள் சிகரெட் பற்றவைத்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும், அவ்வளவு தூள். ஆகவே அத்தனை பேரும் மூக்குப்பொடி போட்டார்கள். பொடி போட்டால் தும்மல் வரும், தும்மினால் தூள் வெளியே போய்விடும், மூக்கு சுத்தமாகிவிடும் என்று நம்பினார்கள். தும்மிவிட்டுக் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்து, இன்றைக்கு அரைக் கட்டையே வந்துவிட்டது என்று ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிப்பதும் உண்டு. ஆண்களின் வேடிக்கைக்கு ஒரு கணக்கா வழக்கா.

ஹோரஸ் ட்ரான்டர் அந்தக் கொட்டகையில் மரம் பிரிக்கிறவன். ஐம்பத்தேழு வயது, அதில் நாற்பத்திரண்டு வருஷம் மரத்தோடு. ஏர் ரைபிள் என்பது கட்டைக்குப் பொல்லாத சாமான். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முன்னாலும் உதைக்கும், பின்னாலும் உதைக்கும். மரம் உள்ளுக்குள் புளித்திருந்தால் திருகு இறங்கிய இடத்தில் ஆறே மாதத்தில் விரிசல் விட்டுவிடும். வெயில் காலத்தில் வெட்டி ஒரு மாதம் மண்ணில் போட்டுவைத்த பீச் மரம் வெளியே பார்க்க மணப்பெண்ணைப் போல இருக்கும். உள்ளே கெட்டுப்போயிருப்பது கண்ணுக்குத் தெரியாது. தட்டிப் பார்த்தால் பாதி தெரியும். ஒரு சீவு சீவி முகர்ந்து பார்த்தால் முழுக்கத் தெரியும். ஹோரஸ் முகர்ந்து பார்த்துவிட்டு வெள்ளைச் சாக்கட்டியால் கோடு போட்டால் அது கட்டைக்கு, சிவப்புச் சாக்கட்டியால் போட்டால் அது விறகுக்கு. ஃபோர்மன் பெர்க்கின்ஸ் யார் பேச்சையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள். அவனே ஹோரஸ் போட்ட கோட்டைக் கேள்வி கேட்டதில்லை.

அந்த மூக்குதான் போயிற்று.

அதை அவன் மனைவி ஐவியிடம் சொன்னது அறுபத்திரண்டாம் வருஷம் மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. அன்றைக்குக் காற்று, நிலக்கரியிலிருந்து வாயு எடுக்கிற காஸ் ஒர்க்ஸ் பக்கமிருந்து அடித்தது. பொது முற்றத்தைச் சுற்றியிருந்த எட்டு வீட்டிலும் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். அழுகிய முட்டை நாற்றம், குடலைப் பிடுங்கியது. ஹோரஸ் வந்து, ஏன் இப்படிப் புழுக்கமாகப் பூட்டிவைத்திருக்கிறாய் என்று ஜன்னலைத் திறந்துவிட்டான். ஐவி அவனையே பார்த்தாள். அவன் ஒன்றும் நடக்காத மாதிரி ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவி உப்புத் தூவிக்கொண்டிருந்தான். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது ஐவி. கிறிஸ்மஸ் போனதுலேர்ந்து. இன்னைக்கு பெர்க்கின்ஸ் ஒரு சீவலக் கையில குடுத்து, புளிப்பா நல்லதான்னு கேட்டான். குத்துமதிப்பா புளிப்புன்னு சொல்லிட்டேன்."

"சரியா இருந்துச்சா?"

"யாருக்குத் தெரியும். நான் சொன்னா அதுதான சரி."

சட்டைப் பையிலிருந்து அந்தச் சீவலை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஐவி கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் சாஸ் ஃபேக்டரியில் காடி பதம் பார்க்கிற இடத்தில் வேலை செய்தவள். மூடி திறக்கிற போதே இது சரி, இது தவறு என்று சொல்வாள். அவளுக்கு நாய் மூக்கு என்று ஹோரஸே கேலி செய்வான். அவள் சீவலை எடுத்து முகர்ந்தாள். ஈரச் சாக்கை மூலையில் போட்டுவைத்த மாதிரி ஒரு வாடை. சொன்னாள். ஹோரஸ் மூச்சை விட்டான், அப்போ புளிப்புதான், தப்பித்தேன் என்றான்.

மறுநாள் ஆறு சீவல் கொண்டுவந்தான். ஒவ்வொன்றையும் செய்தித்தாள் துண்டில் முறுக்கி, மேலே பென்சிலால் நம்பர் போட்டிருந்தான். அதற்கு மறுநாள் பதினொன்று. சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்ததும் ஐவி மேஜையைத் துடைத்துவிட்டு உட்காருவாள். ஹோரஸ் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து நீட்டுவான். அவள் சொல்வதைக் குறித்துக்கொள்வான். மறுநாள் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய்ச் சாக்கட்டிக் கோடு போட்டுவிடுவான். ஒரு வாரத்திலேயே அவளுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. நல்ல பீச் மரத்துக்கு மாவுப் பீப்பாயைத் திறந்த மாதிரி மணம். கெடத் தொடங்கியதற்கு நேற்றைய பால் மணம். எப்போதாவது பழைய கையிருப்பிலிருந்து ஒரு வால்நட் சீவலும் வரும். அதை அவள் சட்டென்று கீழே வைக்கமாட்டாள், அவ்வளவு நல்ல மணம்.

உள்ளதைச் சொல்வதென்றால், ஐவிக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ஹோரஸ் அவளிடம் ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. எந்த வீட்டுக்குக் குடிபோவது, மகனை எந்த வேலைக்கு அனுப்புவது, எதற்கும் கேட்டதில்லை. இப்போது அவன் எதிரே உட்கார்ந்து, முழங்கையை மேஜையில் ஊன்றி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, என்ன சொல்றே, என்ன சொல்றே என்று கேட்டான். டட்ஃபீல்ட் ரைபிளைத் தோளில் வைத்துத் தோட்டத்தில் எலி சுடுகிற அத்தனை பேர் கையிலும் இருப்பது அவள் தேர்ந்தெடுத்த மரம். தெருவில் நடக்கும்போது அதை நினைத்துக்கொள்வாள்.

டாக்டரிடம் போகலாமே என்று அவள் சொல்லாமலில்லை. முதல் மாதத்தில் இரண்டு தடவை சொன்னாள். கோடைக்கால லீவு வரட்டும் என்றான் ஹோரஸ். லீவு வந்தது. ரைல் கடற்கரைக்குப் போய் ஒரு வாரம் மழையில் நனைந்துவிட்டு வந்தார்கள். கடற்காற்று மூக்கைத் திறந்துவிடும் என்று முற்றத்தில் எல்லாரும் சொன்னார்கள். திறக்கவில்லை. அடுத்த வருஷம் குளிர் காலத்தில் கைக்குட்டையில் இரத்தம் வந்தது. அதையும் ஐவிதான் தினமும் அலசினாள். வெந்நீர் போட்டால் கறை நிற்கும் என்று பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தாள். பொடி அதிகமாகிவிட்டது என்றான் ஹோரஸ். பொடியை நிறுத்தினான், இரத்தம் நிற்கவில்லை. மூலைத்தெரு டாக்டர் சளி என்று சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். அவரிடம் வாசனை போனதைப் பற்றி ஹோரஸ் வாயே திறக்கவில்லை. எப்படித் திறப்பான், டாக்டரின் மச்சான்தான் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்.

கறையை அலசும்போது ஐவிக்குப் பயம் வரும். ஆனால் மாலையில் பொட்டலங்கள் மேஜைக்கு வந்ததும் அது மறந்துபோகும்.

அறுபத்துநான்காம் வருஷம் மே மாதம் அவனுக்கு மேல் வரிசையில் ஒரு பல் ஆடியது. பல் டாக்டர் பிடுங்கினான். பிடுங்கிய குழி ஆறவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஹோரஸுக்கு வாயில் ஊற்றிய தேநீர் மூக்கு வழியாக வெளியே வந்தது. அவன் சிரித்தான், ஐவி சிரிக்கவில்லை. பல் டாக்டர் குழிக்குள் விளக்கடித்துப் பார்த்தான். பிறகு போய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினான். அதற்குள் ஹோரஸின் இடது கண் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஐவி உற்றுப் பார்க்காமல் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், குழியிலிருந்து சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு பேரையும் சேர்த்து வரச் சொன்னார்கள். அங்கிருந்த சர்ஜன் இளைஞர், மரியாதையாகப் பேசினார். என்ன வேலை என்று கேட்டார். ஹோரஸ் சொன்னதும், மரத்தூளா என்று திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார். நாற்காலி மேஜை செய்கிற ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியிலும் இதே மாதிரி சில பேரைப் பார்த்ததாகத் தன் நண்பர் ஒருவர் சொன்னார் என்றார். பிறகு பேனாவைப் பிடித்தபடியே கேட்டார்.

"வாசனை தெரியாமப் போனது எப்பலேர்ந்து?"

"மூணு மாசம் இருக்கும்" என்றான் ஹோரஸ்.

சர்ஜன் எழுதப் போனார். ஐவி மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் டாக்டர். ரெண்டரை வருஷம்."

"ஐவி, சும்மா இரு."

"நான்தான் டாக்டர் அவருக்கு மோந்து சொன்னேன். வேலை போயிடுமேன்னு யாருக்கும் சொல்லல. தினமும் சீவலக் கொண்டுவருவார், நான் மோந்து பாத்து எது நல்லதுன்னு சொல்லுவேன்."

சர்ஜன் பேனாவைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது அவளுக்கு. பிறகு அவர், படத்தை வெளிச்சத்தில் மாட்டி, மூக்கு எலும்பு இது, கண்குழி இது என்று பென்சில் முனையால் காட்டினார். புற்றுநோய்க் கட்டி கண்ணுக்குப் பின்னால் போய், மண்டையோட்டின் அடி எலும்பைத் தின்றுகொண்டிருந்தது. வெட்டி எடுக்க முடியாது. எக்ஸ்ரே ஒளி கொடுத்தால் வலி கொஞ்சம் மட்டுப்படும்.

"அப்பவே வந்திருந்தா?" என்று கேட்டாள் ஐவி. கேட்டிருக்கக் கூடாது.

"அப்பவே வந்திருந்தா மேல் தாடையில ஒரு பக்கத்த எடுத்திருப்போம். ஒருவேளை கண்ணையும். ஆனா ஆள் இருந்திருப்பாரு."

பஸ்ஸில் திரும்பும்போது ஹோரஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். பாதித் தாடையோடும் ஒற்றைக் கண்ணோடும் இருப்பதற்கு இதுவே மேல் என்றான். அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னான். அவளுக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

ஜூலை மாதத்துக்குள் அவனால் கெட்டியாக எதையும் சாப்பிட முடியாமல் போயிற்று. பாலைக் காய்ச்சி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, சர்க்கரை கலந்து, கரண்டியால் கொடுக்க வேண்டும். அதிலும் பாதி மூக்கு வழியாக வந்தது. இடது கண் முழுக்க மூடிவிட்டது. முற்றத்துப் பெண்கள் முதலில் கஸ்டர்டு கொண்டுவந்து கொடுத்தார்கள், பிறகு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். வாடை அடித்தது, பொய் சொல்வானேன். ஐவி ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தாள். ஹோரஸுக்கு அது தெரியாதது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிட் ஆல்காக் வருவான். அதே முற்றத்தில் தண்ணீர்ப் பம்புக்கு எதிர் வீடு. நாற்பது வயது, மனைவி டோரீன், இரண்டு பெண் குழந்தைகள். பதினான்கு வயதில் கொட்டகைக்கு வந்தவன். ஹோரஸ் படுத்த பிறகு மரம் பிரிக்கிற வேலை அவனுக்குத்தான் வந்தது. பெர்க்கின்ஸ் அவனை ஹோரஸ் மாதிரியே நம்புகிறான் என்று பேச்சு. வரும்போது ஒரு புட்டி பியர் கொண்டுவந்து, இரண்டு கோப்பையில் ஊற்றி, ஹோரஸின் பங்கையும் தானே குடித்துவிட்டு, கால்பந்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போவான். நல்ல மனுஷன், வராமல் இருந்திருக்கலாம், வந்தான்.

ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐவி பாலை அடுப்பில் வைத்துவிட்டு, வெயில் இருக்கும்போதே தலையணை உறைகளைக் காயப்போட முற்றத்துக்குப் போனாள். மூன்றாவது உறைக்குக் கவ்வி மாட்டும்போது காந்தல் வாடை அடித்தது. பால் அடிப்பிடித்து, பொங்கி, அடுப்பில் வழிந்து தீய்ந்த வாடை. எதிர் வீட்டு நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. உறையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

ஹோரஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தான். சிட் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கை நீட்டினால் பாத்திரத்தைத் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். இந்த வருஷம் வில்லா அணி தேறாது, கோல்கீப்பர் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தலைக்குப் பின்னால் மெல்லிய நீலப் புகை எழுந்து கொண்டிருந்தது.

ஐவி வாசற்படியிலேயே நின்றாள். அடுப்பை அணைக்கப் போகவில்லை.

"சிட், சமையல் வாசன எப்படி இருக்கு?"

சிட் திரும்பி அவளைப் பார்த்தான், அடுப்பைப் பார்க்கவில்லை. நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"அதான சொல்லணும்னு நெனச்சேன். பிரமாதமா இருக்கு ஐவி. எப்பவும் போல."

ஹோரஸின் ஒற்றைக் கண் அவள் முகத்தைப் பார்த்தது, பிறகு அடுப்பைப் பார்த்தது. சிட்டும் அந்தப் பார்வை போன திசையில் திரும்பினான். புகையைப் பார்த்தான். கோப்பையை மெதுவாக மேஜைமேல் வைத்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது. ஐவி போய்ப் பாத்திரத்தை எடுத்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். போன வருஷம் அக்டோபரிலிருந்து என்றான். பீச் மூக்குதான், எல்லாருக்கும் இருப்பதுதான், ஹோரஸுக்கு வந்தது வேறு, அது அவன் தலையெழுத்து என்றான். கொட்டகையில் நாற்பது பேர் இருக்கிறார்கள், நாற்பது பேருக்கும் மூக்கு ஒழுகுகிறது, நாற்பது பேரும் ஆஸ்பத்திரிக்கா போகிறார்கள் என்றான்.

"இந்த ரெண்டு மாசமா நீ எப்படி மரம் பிரிக்கற சிட்?"

சிட் தொப்பியை எடுத்துக்கொண்டான். ஹோரஸைப் பார்த்தான். ஹோரஸ் பேசினால் மூக்காலேயே பேசுகிற மாதிரி இருக்கும், பழகினவர்களுக்குத்தான் புரியும்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றான் ஹோரஸ். "வேலைக்கு ஆள் எடுக்கும்போது எங்கிட்ட வந்து அழுதான். எனக்கு மூக்கே இல்ல, நான் எப்படி இந்த வேலையப் பாக்கறதுன்னான். டோரீன்கிட்ட குடு, அவ சொல்லுவான்னேன்."

"டாக்டர்கிட்ட போன்னு சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"போனா அந்த வேலை அவனுக்குக் கெடச்சிருக்காது ஐவி."

முப்பத்திரண்டு வருஷத்தில் ஐவி அவனை அடிக்கக் கை ஓங்கியதில்லை. இப்போது ஓங்கவேண்டும் போல இருந்தது. அந்த முகத்தில் அடிக்க எங்கே இடம் இருந்தது? சிட் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே, லீவு முடியட்டும், அதற்கப்புறம் கண்டிப்பாகக் காட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். பம்பைத் தாண்டி அவன் வீட்டுக்குப் போகாமல் தெருப்பக்கம் போனான்.

ஐவி ஏப்ரனைக் கழற்றவில்லை. அப்படியே முற்றத்தைக் கடந்து எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். டோரீன் ஆல்காக் கதவைத் திறந்தாள். கையெல்லாம் மாவு, உள்ளே சின்னவள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். ஐவி சுற்றி வளைக்காமல் சொன்னாள். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, மூலைத்தெரு டாக்டர் வேண்டாம், அந்த சர்ஜன் பெயர் இது, வாசனை போய் இத்தனை மாதம் என்று முதலிலேயே சொல், அவன் மறைத்தாலும் நீ சொல். இப்போது போனால் முகத்தில் பாதியாவது மிஞ்சும், உயிர் மிஞ்சும்.

டோரீன் மாவுக் கையைக் கதவில் படாமல் தூக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பயந்துபோய்விட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அந்த முகம் இறுகியது.

"அவருக்கு ஒண்ணுமில்ல. தடுமந்தான்."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க டோரீன்."

"அவர் இப்பத்தான் தல நிமுந்து நடக்கறாரு. சாயந்தரம் வந்தா பொண்ணுங்களத் தூங்க அனுப்பிட்டு என் எதுக்க வந்து உக்காருறாரு. பதினாறு வருஷத்துல இப்படி உக்காந்ததில்ல. நான் சொல்றதக் கேட்டுக்கறாரு. நீங்க வந்து அதக் கெடுக்கறீங்க."

ஐவி படியைவிட்டு இறங்கவில்லை.

"நீங்க ரெண்டு வருஷம் மோந்து பாத்தீங்களே" என்றாள் டோரீன். "ரெண்டு வருஷம். அப்ப உங்களுக்குத் தெரியலையா, அவருக்கு உடம்பு சரியில்லன்னு?"

"தெரிஞ்சுது" என்றாள் ஐவி.

டோரீன் அதை எதிர்பார்க்கவில்லை. உள்ளேயிருந்து சின்னவள், அம்மா, யாரு என்று கேட்டாள். ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிட்டு, டோரீன் முழங்கையால் கதவைச் சாத்தினாள்.